பெற்ற பதக்கம் தாளில் இல்லையா? அமெரிக்கப் படைவீரரின் பணிப் பதிவைத் திருத்த ஒரு முழுமையான வழிகாட்டி

வியட்நாம் போரில் அமெரிக்கத் தரைப்படையில் இருந்து, 1974க்கு முன்பே வீடு திரும்பிய ஒருவரின் டிடி 214 படிவத்தை எடுத்துப் பாருங்கள். தென் வியட்நாம் அரசு வழங்கிய கேலன்ட்ரி கிராஸ் என்ற படைப்பிரிவு விருது அதில் பெரும்பாலும் இருக்காது. ஆனால் அவருக்கு அது உண்டு. 1974ஆம் ஆண்டின் 8ஆம் எண் பொது ஆணை, வியட்நாமில் இருந்த அமெரிக்கத் தரைப்படைத் தலைமையகத்துக்கும் அதன்கீழ் இயங்கிய பிரிவுகளுக்கும் மொத்தமாக அந்த விருதை அறிவித்தது. ஆணை வெளிவரும் முன்பே அவருடைய தாள் டைப் ஆகிவிட்டது. யாரும் திரும்பக் கூப்பிட்டுத் திருத்திக் கொடுக்கவில்லை.

டிடி 214 என்பது படையிலிருந்து விலகும் நாளில் கையில் கொடுக்கப்படும் சான்று. 1950 முதல் இந்தப் பெயரில் வருகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத் தரைப்படைச் சிப்பாய்களுக்கு டபிள்யூடி ஏஜிஓ 53-55 என்ற படிவம். பெயர் எதுவானாலும், அந்த மனிதர் எங்கே இருந்தார், என்ன செய்தார், என்ன பெற்றார் என்பதற்கு அரசு ஏற்கும் சான்று அதுதான். அவசர அவசரமாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய மையங்களில், ஒரு எழுத்தர் டைப் செய்த தாள். பதக்க ஆணை இன்னும் தபாலில் இருக்கலாம்; காயம்பட்டவரின் காகிதங்கள் மருத்துவமனையிலேயே தங்கிப் போயிருக்கலாம். விடுபட்டதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் விடுபட்டதைச் சேர்க்க வேண்டியது இப்போது அவரும் குடும்பமும்தான்.

இது வெறும் கௌரவப் பிரச்சினை அல்ல. எதிரியின் தாக்குதலில் காயம்பட்டவருக்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் பதிவில் ஏறினால், முன்னாள் படைவீரர் நலத்துறையின் மருத்துவத் திட்டத்தில் அவர் மூன்றாம் முன்னுரிமைக் குழுவுக்காவது வந்துவிடுவார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் மண்ணில் அடக்கம் செய்யப்படும் தகுதி கிடைக்கும். நேரடிச் சண்டையில் இருந்த காலாட்படையினருக்கான காம்பாட் இன்ஃபன்ட்ரிமேன் பேட்ஜ் போன்ற போர்ச் சின்னங்கள், மன அதிர்ச்சி பாதிப்புக்கு இழப்பீடு கேட்கும்போது "நீங்கள் சண்டையில் இருந்ததற்கு என்ன சாட்சி?" என்ற கேள்விக்கு நேரடியான பதில். அப்படியொரு கேள்விக்கு எண்பது வயதில் நின்று பதில் சொல்லும் நிலைக்கு யாரையும் தள்ளக் கூடாது.

முதலில்: உங்கள் கேஸ் எந்த வகை?

இதைத் தீர்மானிக்காமல் படிவம் நிரப்புவதால்தான் நிறையப் பேர் வருடக்கணக்கில் அலைகிறார்கள்.

ஒன்று, பதக்கம் ஏற்கெனவே முறைப்படி வழங்கப்பட்டது, ஆனால் தாளில் ஏறவில்லை. ஆணை எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் இது எழுத்தர் வேலை மட்டுமே. இரண்டு, தனி ஆணை தேவையில்லாமல் விதியின்படியே கிடைக்க வேண்டியது: போர்க்களச் சேவைப் பதக்கங்கள், படைப்பிரிவு விருதுகள் போன்றவை. அந்த நாளில் அந்தப் பிரிவில் இருந்தார் என்று காட்டினால் போதும். மூன்று, பர்ப்பிள் ஹார்ட். தகுதி இருந்தால் கொடுத்தே ஆக வேண்டிய பதக்கம் இது, யாரும் பரிந்துரைக்கத் தேவையில்லை; ஆனால் தகுதியை நிரூபிக்க வேண்டும். நான்கு, வீரச்செயலுக்கான பதக்கம், அப்போது யாரும் பரிந்துரைக்கவே இல்லை, அல்லது பரிந்துரை வழியில் தொலைந்தது. இதற்குப் பாதையே வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முழுக் கோப்பையும் வரவழையுங்கள்

படைப்பணிக் கோப்புகள் மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் இருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் ஈவெட்ரெக்ஸ் என்ற இணைய விண்ணப்பம் வழியாகவோ, எஸ்எஃப் 180 என்ற படிவத்தைத் தபாலிலோ ஃபேக்ஸிலோ அனுப்பியோ கேட்கலாம். வெறும் டிடி 214 மட்டும் கேட்காதீர்கள். "முழுப் பணிக் கோப்பும், மருத்துவக் கோப்பும்" என்று எழுதிக் கேளுங்கள். திருத்தத்துக்கு வேண்டிய ஆணை நகல் பல நேரம் அந்தக் கோப்பின் உள்ளேயே, யாரும் புரட்டாமல் கிடக்கும்.

வீரர் உயிருடன் இருந்தால் அவர் கையெழுத்து வேண்டும். காலமாகிவிட்டால் மறுமணம் செய்யாத வாழ்க்கைத்துணை, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் கேட்கலாம். இறப்புச் சான்றை இணைக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் இந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். பேத்திதான் எல்லாம் தேடி எடுக்கிறாள் என்றால், கையெழுத்தை அம்மாவிடமோ மாமாவிடமோ வாங்கிக்கொள்ளட்டும். பணியிலிருந்து விலகி 62 ஆண்டுகள் ஆனால் கோப்பு பொது ஆவணமாகிவிடும். அதன்பின் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி நகல் வாங்கலாம்.

இங்கேதான் பலருக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் மையத்தில் பிடித்த தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் 1 முதல் 1960 ஜனவரி 1 வரை விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு போயிற்று. 1947 செப்டம்பர் 25 முதல் 1964 ஜனவரி 1 வரை விலகிய விமானப்படையினரில், அகரவரிசையில் ஹப்பர்ட் என்ற பெயருக்குப் பின் வருபவர்களின் கோப்புகளில் 75 விழுக்காடு போயிற்று. நகலும் இல்லை, மைக்ரோஃபிலிமும் இல்லை.

"உங்கள் கோப்பு தீயில் அழிந்திருக்கலாம்" என்று கடிதம் வந்தால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம். பாதி கருகி, தண்ணீரில் நனைந்து, பிறகு காப்பாற்றப்பட்ட கோப்புகள் லட்சக்கணக்கில் உள்ளன. மீதிப் பேருக்குச் சம்பளச் சீட்டு போன்ற மற்ற ஆவணங்களிலிருந்து கோப்பை மறுபடி கட்டியெழுப்புகிறார்கள். போர் முடிந்ததும் பலர் தங்கள் விலகல் சான்றை உள்ளூர் கவுன்டி (மாவட்டம் போன்றது) அலுவலகத்தில் பதிவு செய்து வைத்தார்கள், அங்கே கேளுங்கள். 1973க்கு முன்பே நலத்துறையிடம் ஏதாவது உதவித்தொகை கேட்டிருந்தால், அவருடைய மருத்துவத் தாள்கள் தீ பிடித்த நாளில் அந்தத் துறையின் கோப்பில் பத்திரமாக இருந்திருக்கும். அதையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

தாளைப் படிக்கத் தெரிய வேண்டும்

53-55 படிவத்தில் எல்லோரும் 33ஆம் கட்டத்தைத்தான் பார்க்கிறார்கள், ஏனென்றால் விருதுகள் என்று அச்சிட்டிருப்பது அங்கேதான். காம்பாட் இன்ஃபன்ட்ரிமேன் பேட்ஜ் அங்கே இருக்காது. அது 31ஆம் கட்டத்தில், துப்பாக்கி சுடும் தகுதியோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கும். 32ஆம் கட்டத்தில் எந்தெந்தப் போர்க்களங்கள் என்பது. 34ஆம் கட்டத்தில் சண்டையில் பட்ட காயம், இடம், தேதி. 34இல் தேதி இருந்து 33இல் பர்ப்பிள் ஹார்ட் இல்லையென்றால், பிழை அந்தத் தாளிலேயே தெரிகிறது. உங்கள் வேலை பாதி முடிந்தது. வியட்நாம் காலத்து டிடி 214இல் விருதுகள் 24ஆம் கட்டத்தில், குறிப்புகள் 30இல். இப்போதைய படிவத்தில் விருதுகள் 13இல், குறிப்புகள் 18இல்.

31ஆம் கட்டத்தின் அந்தப் பேட்ஜ் இன்னொரு கதவையும் திறக்கும். 1941 டிசம்பர் 7க்கும் 1945 செப்டம்பர் 2க்கும் இடையில் காட்டிய போர்க்களச் செயல்பாட்டுக்காகக் காம்பாட் இன்ஃபன்ட்ரிமேன் பேட்ஜோ மருத்துவ உதவியாளருக்கான காம்பாட் மெடிக்கல் பேட்ஜோ பெற்ற ஒவ்வொருவருக்கும் புரான்ஸ் ஸ்டார் எனும் வெண்கல நட்சத்திரப் பதக்கம் உண்டு என்று 1947இல் முடிவு செய்தார்கள். ஆனால் அது தானாக வீடு தேடி வராது, விண்ணப்பிக்க வேண்டும். தங்களுக்கு அது உரியது என்று தெரியாமலே மறைந்தவர்கள் நிறையப் பேர். வீட்டில் தாத்தாவின் தாள் இருந்தால் இன்றே 31ஆம் கட்டத்தைப் பாருங்கள். இந்தச் சலுகை இரண்டாம் உலகப் போருக்கு மட்டும்; கொரியா, வியட்நாம் பேட்ஜ்களுக்குப் பொருந்தாது.

பதக்கத்தின் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

பதிவுத் திருத்த வாரியங்கள் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்ய முக்கியமான காரணம் விதி பொருந்தாததுதான்.

காம்பாட் இன்ஃபன்ட்ரிமேன் பேட்ஜுக்கு மூன்றும் வேண்டும்: காலாட்படைப் பணி வகை, காலாட்படைப் பிரிவில் நியமனம், அந்தப் பிரிவு நேரடித் தரைச் சண்டையில் இருந்தபோது அவரும் அங்கே இருந்தது. பீரங்கிப் படைக்காரர் எத்தனை சண்டை பார்த்திருந்தாலும் இது கிடைக்காது. எனக்கு இது மனத்துக்கு ஒப்பாத விதிதான், ஆனால் விதி அதுதான். மற்ற பிரிவினருக்கான காம்பாட் ஆக்‌ஷன் பேட்ஜ் 2005இல்தான் வந்தது. 2001 செப்டம்பர் 18 முதல் நடந்த சண்டைகளுக்கு மட்டும் செல்லும். கடற்படை, மரீன் வீரர்களுக்கு நிலைமை மேல்: 1969இல் தொடங்கிய காம்பாட் ஆக்‌ஷன் ரிப்பனை, பின்னர் வந்த சட்டம் 1941 டிசம்பர் 7 வரை பின்னோக்கி நீட்டியது. பசிபிக் தீவுகளில் சண்டையிட்ட மரீன்களுக்கும் இப்போது அது உண்டு.

கொரியப் போர் வீரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. கொரியக் குடியரசு (தென் கொரியா) 1951லேயே ஒரு போர்ப் பதக்கம் தர முன்வந்தது. அமெரிக்கா அதை ஏற்றது 1999இல்தான். அதனால் அவர்களின் பழைய தாள்களில் அது இருக்க வாய்ப்பே இல்லை.

பர்ப்பிள் ஹார்ட்டுக்கு: எதிரியின் செயலால் ஏற்பட்ட காயம், மருத்துவப் பணியாளரின் சிகிச்சை தேவைப்பட்ட அளவுக்கு, அந்தச் சிகிச்சை பதிவில் ஏறியிருக்க வேண்டும். மூன்றாவதில்தான் சிக்கல். இன்றைய விதிப்படி பனிக்கடி, பாதச் சீழ், வண்டி விபத்து இவற்றுக்குக் கிடையாது, போர்முனையில் நடந்தாலும்.

சான்று திரட்டுவது

படையின் சொந்தக் காகிதத்துக்கு இருக்கும் மதிப்பு நம் வாய்மொழிக்கு வராது. பதிவு சரியாகத்தான் இருக்கும் என்ற அனுமானத்தோடுதான் வாரியம் தொடங்குகிறது. அதை உடைக்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது.

முதலில் தேட வேண்டியது பொது ஆணை. பதக்கம் வழங்கிய தலைமையகம், ஆணை எண், தேதி என்று அதில் இருக்கும். வியட்நாம் கால ஆணைகளைத் தேடத் தரைப்படையிடம் ஒரு கணினிப் பட்டியல் உண்டு. விண்ணப்பத்தில் அதில் தேடச் சொல்லி எழுதலாம். இரண்டாம் உலகப் போர், கொரியா, வியட்நாம் காலத்துப் படைப்பிரிவு ஆவணங்கள் மேரிலாந்தின் காலேஜ் பார்க் காப்பகத்தில் இருக்கின்றன. எந்தப் பிரிவுக்கு எந்தப் போர்க்களமும் எந்த விருதும் உரியது என்பதைச் சொல்லும் தரைப்படைப் பட்டியல் நூல்களும் உண்டு. 672-1 இரண்டாம் உலகப் போருக்கு, 672-3 வியட்நாமுக்கு.

தீயில் போன கோப்புக்கு மாற்றாக எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது மார்னிங் ரிப்போர்ட். கம்பெனி எனும் ஒவ்வொரு சிறு படைப்பிரிவும் தினமும் எழுதிய ஒற்றைத் தாள். நேற்று இருந்த நிலையிலிருந்து மாறியவர்களின் பெயர் மட்டும் அதில் வரும்: பெயர், பணி எண், பதவி, அப்புறம் சுருக்கெழுத்தில் ஒரே வரி. "பணியிலிருந்து மருத்துவமனைக்கு, எல்டபிள்யூஏ" என்று இருந்தால், சண்டையில் லேசான காயம் என்று பொருள். எஸ்டபிள்யூஏ என்றால் பலத்த காயம். அந்த ஒரு வரி இருபது பக்கக் கடிதத்தைவிடக் கனமானது. இவை தனிக் கோப்புகள் அல்ல என்பதால் தீயில் போகவில்லை; செயின்ட் லூயிஸிலேயே இருக்கின்றன. கேட்கும்போது கம்பெனி, ரெஜிமென்ட், மாதம் மூன்றும் வேண்டும். அதனால்தான் பழைய கடிதங்களின் உறையைக்கூடத் தூக்கிப் போடக் கூடாது; அனுப்பியவர் முகவரியில் கம்பெனிப் பெயர் இருக்கும், முத்திரையில் தேதி இருக்கும்.

இன்னொன்று, 1942-45, 1950-54 ஆண்டுகளில் படை மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்களின் விவரங்கள். 1988இல் ஆவண மையத்துக்குக் கிடைத்தன. பெயர் இருக்காது, பணி எண்ணை வைத்துத் தேட வேண்டும். வீட்டுக்கு வந்த தந்தி, உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த காயமடைந்தோர் பட்டியல், அன்று எழுதிய கடிதம், சீருடைப் படம் எல்லாமே துணைச் சான்றுதான். கடற்படையினருக்குக் கப்பலின் டெக் லாக் எனும் தினப் பதிவேடு, மரீன்களுக்குப் பிரிவு நாட்குறிப்பு.

நேரில் கண்டவர்களின் வாக்குமூலத்தை உடனே வாங்குங்கள். மற்ற காகிதம் அடுத்த வருடமும் இருக்கும், அவர்கள் இருப்பார்களா என்று சொல்ல முடியாது. "அவர் நல்ல வீரர், பதக்கத்துக்குத் தகுதியானவர்" என்ற கடிதத்தால் பயன் இல்லை. எழுதுபவர் எந்தப் பிரிவில், என்ன பதவியில் இருந்தார், சம்பவ இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் நின்றார், கண்ணால் என்ன பார்த்தார், மருத்துவ உதவியாளர் எங்கே கட்டுப் போட்டார் என்று வேண்டும். நோட்டரி முன் கையெழுத்திடட்டும், தன் டிடி 214 நகலையும் இணைக்கட்டும். மூன்று பேர் எழுதினால் மூன்றும் அவரவர் வார்த்தையில் இருக்க வேண்டும். ஒரே வாக்கியம் மூன்றிலும் வந்தால் யாரோ எழுதிக் கொடுத்தது என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் சின்னக் கதவைத் தட்டுங்கள்

நேராக வாரியத்துக்குப் போகாதீர்கள். கீழ்நிலையில் தீரக்கூடியதை அங்கே கேட்காமல் வந்தால் வாரியம் திருப்பி அனுப்பிவிடும். ஆணை நகல் கையில் இருந்தாலோ, விதிப்படி தானாக உரிய பதக்கமாக இருந்தாலோ, ஆவண மையத்துக்கு எழுதினால் அவர்கள் சரிபார்ப்பார்கள். சிக்கலானவை அந்தந்தப் படையின் பணியாளர் தலைமையகத்துக்குப் போகும்: தரைப்படைக்குக் கென்டக்கியில் ஃபோர்ட் நாக்ஸ், கடற்படைக்கு டென்னசியில் மில்லிங்டன், விமானப்படைக்கு டெக்சஸில் ராண்டால்ஃப். ஏற்றுக்கொண்டால் டிடி 215 என்ற திருத்தத் தாள் வரும். பெரும்பாலான எளிய கேஸ்கள் இங்கேயே முடிந்துவிடும்.

மறுத்தால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த படிக்கு அதுதான் நுழைவுச் சீட்டு.

வாரியத்துக்கு டிடி 149

ஒவ்வொரு படைக்கும் ஒரு பதிவுத் திருத்த வாரியம் உண்டு. மரீன்களுக்குக் கடற்படை வாரியம், விண்வெளிப் படைக்கு விமானப்படை வாரியம், கடலோரக் காவல்படைக்குத் தனி. உறுப்பினர்கள் சீருடைக்காரர்கள் அல்ல, சிவிலியன்கள். விண்ணப்பம் டிடி 149. கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. அமெரிக்கன் லீஜியன், விஎஃப்டபிள்யூ, டிஏவி போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளின் சேவை அலுவலர்களும், கவுன்டி சேவை அலுவலரும் இலவசமாக உதவுவார்கள்.

சட்டப்படி, பிழை தெரிய வந்ததிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இதைப் படித்து யாரும் பயந்து பின்வாங்க வேண்டாம். நீதியின் நலன் கருதி வாரியம் அந்தக் கெடுவைத் தளர்த்தலாம்; பல பத்தாண்டுகள் கழித்து வந்த பதக்க விண்ணப்பங்களையும் எடுத்துப் பார்க்கிறார்கள். எப்போது தெரிந்தது, ஏன் தாமதம் என்பதை மட்டும் உண்மையாக எழுதுங்கள்.

விளக்கம் ஒரு பக்கத்துக்குள் நிற்கட்டும். கற்பனையாக ஒரு மாதிரி: "டிடி 214இன் 24ஆம் கட்டத்தில் பர்ப்பிள் ஹார்ட்டைச் சேர்க்கக் கோருகிறேன். 1968 பிப்ரவரியில் மோர்ட்டார் தாக்குதலில் இடது தோளில் குண்டுச் சில்லு பாய்ந்தது. படை மருத்துவமனையில் சிகிச்சை பெற்றேன் (இணைப்பு 1, சிகிச்சைக் குறிப்பு). அதே நாள் தாக்குதலைப் பிரிவின் நாட்குறிப்பு பதிவு செய்துள்ளது (இணைப்பு 2). உடனிருந்தவரின் வாக்குமூலம் இணைப்பு 3. பணியாளர் தலைமையகம் மறுத்த கடிதம் இணைப்பு 4." இவ்வளவுதான். கோபம் நியாயமானதாக இருக்கலாம், ஆனால் அதற்கு அந்தத் தாளில் இடம் கொடுக்காதீர்கள். மூலப் பிரதிகளை அனுப்பாதீர்கள், நகல் மட்டும்.

அனுப்பும் முன் ஒரு நாள் ஒதுக்கி, வாரியங்களின் பழைய தீர்ப்புகளை இணையத்தில் படியுங்கள். பெயர் நீக்கி வெளியிட்டிருக்கிறார்கள். உங்கள் பதக்கம், உங்கள் போர் என்று தேடினால், எந்தச் சான்றுக்குத் தலையாட்டினார்கள், எதைத் தள்ளினார்கள் என்று கண்முன் தெரியும். இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

காத்திருப்பு, மறுப்பு, மறுபடியும்

90 விழுக்காடு விண்ணப்பங்களைப் பத்து மாதத்துக்குள்ளும், எதையும் 18 மாதத்துக்கு மேல் போகாமலும் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இடையில் ஏதாவது அலுவலகத்தின் கருத்துரை வந்து, பதில் கேட்டால் கெடுவுக்குள் எழுதிவிடுங்கள். சும்மா இருந்தால் உங்கள் பதில் இல்லாமலே வாரியம் முடிவெடுக்கும்.

மறுத்தாலும் முடிவல்ல. வாரியம் முன்பு பார்க்காத புதிய சான்று கிடைத்தால் மறுபரிசீலனை கேட்கலாம். கென்டக்கியைச் சேர்ந்த கார்லின் கானரின் கதை இதற்கு நல்ல சாட்சி. 1945 ஜனவரியில் பிரான்சில் அவர் செய்த செயலுக்கு ஏற்கெனவே டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் கிராஸ் என்ற வீரப் பதக்கம் இருந்தது. அதை நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஆனராக உயர்த்தக் கேட்டார்கள். வாரியம் 1997இலும் 2000இலும் மறுத்தது. கானர் 1998லேயே காலமாகிவிட்டார். 2006இல் நேரில் கண்ட மூன்று பேரின் வாக்குமூலங்கள் கிடைத்தன. காலம் கடந்தது என்று நீதிமன்றம் தள்ளியது. மேல்முறையீட்டில் சமரசத்துக்கு அனுப்பப்பட்டு, வாரியம் 2015இல் ஆதரவாக முடிவெடுத்தது. 2018 ஜூனில் அவர் மனைவி பாலின் பதக்கத்தைப் பெற்றுக்கொண்டார்.

யாருமே பரிந்துரைக்காத வீரப் பதக்கம்

இப்போது நான்காம் வகை. காலக்கெடு கடந்த வீரச்செயல் பரிந்துரையை, நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வழியாக அனுப்பச் சட்டத்தில் இடம் உண்டு. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் தலைப்பு 10, பிரிவு 1130. தரைப்படையில் டிஏ 638 என்ற பரிந்துரைப் படிவம், செயலின் விவரிப்பு, நேரில் கண்டவர் வாக்குமூலங்கள் வேண்டும். பரிந்துரைப்பவர் அப்போது அவருடைய மேலதிகாரியாகவோ, செயலை நேரில் அறிந்தவராகவோ இருந்தால் மிக நல்லது. உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தில் இதற்கென்றே ஆள் இருப்பார். தகவல் பகிர ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குவார்.

இது நடக்கும். 1965இல் வியட்நாமின் போங் சான் அருகே காயத்தோடு தன் ஆட்களை மீட்ட பாரிஸ் டேவிஸின் பரிந்துரைக் காகிதங்கள் தொலைந்துபோயின. 2023 மார்ச்சில் அவர் மெடல் ஆஃப் ஆனர் பெற்றார். நார்மண்டி ஒமாஹா கடற்கரையில் தானே காயம்பட்ட நிலையில் பலரைக் காப்பாற்றிய கறுப்பின மருத்துவ உதவியாளர் வேவர்லி வுட்சனின் கோப்பு 1973 தீயில் போனது. அவர் 2005இல் காலமானார். டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் கிராஸ் 2024இல் கிடைத்தது.

டிடி 215 வந்த பிறகு

வழக்கமாகப் பழைய 214ஐ மாற்றித் தரமாட்டார்கள். 215 என்பது அதோடு சேர்த்து வைக்க வேண்டிய தனித் தாள். இரண்டையும் ஸ்கேன் செய்து ஒரே ஃபைலாக வையுங்கள். எதற்காக யார் 214 கேட்டாலும் இரண்டையும் கொடுங்கள். நலத்துறைக்கு நகல் நீங்களேதான் அனுப்ப வேண்டும், தானாகப் போகும் என்று இருந்துவிடாதீர்கள். பதக்கம் வீரருக்கு அரசு செலவிலேயே வரும். சமூகப் பாதுகாப்பு எண் இருக்கும் பிரதியைக் கவுன்டியில் பதியும் முன், அது பொதுமக்கள் பார்வைக்குப் போகுமா என்று கேட்டுவிட்டுப் பதியுங்கள்.